ஜே.பி. ஜெயரத்தினம் நாடாளுமன்றத்தில் பேசிப் பேசி என்ன கண்டார்?

பழைய நூலகம்:

சிங்கப்பூர் எதிர்க்கட்சி அரசியல்வாதி ஜெயரத்தினம் பற்றி வேறொரு இழையில் ஒருவர் "ஜெயரத்தினம் இருபது வருஷம் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் கத்தினார், ஒரு சட்டத்தையாவது மாற்றினாரா" என்று கேட்டிருந்தார். அங்கேயே பதில் எழுதினால் தலைப்பு எங்கோ போய்விடும், அதனால் தனி இழை.

முதலில் கணக்கைச் சரிசெய்வோம். அவர் அவையில் இருந்தது இருபது வருஷம் இல்லை. 1981 கடைசியிலிருந்து 1986 நவம்பர் வரை ஆன்சன் தொகுதி உறுப்பினர். அப்புறம் 1997 முதல் 2001 வரை தொகுதியில்லா உறுப்பினர், அதாவது தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் அதிக விழுக்காடு வாங்கியவருக்குக் கொடுக்கும் இடம். இரண்டையும் சேர்த்தால் ஒன்பது வருஷம் சொச்சம். நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் உள்ளே போகவே முடியாமல் வெளியே நின்றார்.

அந்த ஒன்பது வருஷமும் எந்த மாதிரி அவையில் என்று பாருங்கள். 1966 இல் எதிர்க்கட்சியான பாரிசான் சோசியாலிஸ் உறுப்பினர்கள் பதவி விலகிப் போன பிறகு 1968, 1972, 1976, 1980 என்று நான்கு பொதுத்தேர்தலிலும் ஆளும் மக்கள் செயல் கட்சி எல்லா இடத்தையும் பிடித்தது. 75 பேர் கொண்ட அவையில் 75 பேரும் ஒரே கட்சி. 1981 அக்டோபர் 31 அன்று ஆன்சன் இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் ஜெயரத்தினம் 653 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து அந்த அவைக்குள் போனார். அதற்கு முன்னால் ஐந்து முறை நின்று தோற்றவர்.

நான் சில மாதங்களாக நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கும் அவைக் குறிப்புகளைப் படித்து வருகிறேன். 1955 இலிருந்து எல்லாம் அங்கே இருக்கிறது, பெயர் போட்டுத் தேடலாம். படித்த அளவில் என் கருத்து இதுதான்: அவர் எத்தனை சட்டம் கொண்டுவந்தார், எத்தனை வாக்கெடுப்பில் ஜெயித்தார் என்று எண்ணுவது தவறான அளவுகோல். அவர் எழுந்து கேட்டதால் அரசாங்கம் எதற்கெல்லாம் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டி வந்தது, அவரை உட்கார வைக்க எந்தெந்த விதியை மாற்ற வேண்டி வந்தது, அதைத்தான் பார்க்க வேண்டும். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சிராங்கூன் சாலை:

நல்ல இழை, ஆனால் நான் எதிர்ப் பக்கம்தான் நிற்கப் போகிறேன், மன்னிக்கவும்.

அவர் பட்ட கஷ்டத்தை வைத்து அவருடைய பேச்சை மதிப்பிடுகிறோம் என்பதுதான் என் மனக்குறை. சிறை, அபராதம், திவால், இதெல்லாம் உண்மை, பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். ஆனால் கேள்வி அவருடைய நாடாளுமன்றப் பேச்சு எப்படி என்பது. பல இடத்தில் அவர் பெரிய குற்றச்சாட்டை வைப்பார், அமைச்சர் எழுந்து "எந்தத் தேதி, யார், எந்த வழக்கு" என்று கேட்பார், அங்கே அவர் தடுமாறுவார். நீதிபதி இடமாற்ற விவகாரம் அப்படித்தான். பாட்டாளிக் கட்சியின் கணக்கைப் பொய்யாகக் காட்டினார் என்ற வழக்கில் 1984 ஜனவரியில் அவரைப் பெரும்பாலும் விடுவித்த மாவட்ட நீதிபதியை அதே வருஷம் அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அதை அரசாங்கத் தலையீடு என்கிற தொனியில் 1986 இல் அவையில் கிளப்பினார். விசாரணை ஆணையம் வைத்தார்கள், தலையீடு இல்லை என்று அறிக்கை வந்தது. இவருக்குக் கிடைத்தது என்ன?

இன்னொரு பக்கம் பாருங்கள். தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படும் நியமன உறுப்பினராக இருந்த சட்டப் பேராசிரியர் வால்டர் வூன் 1995 இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைத் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிக் காட்டினார். அமைச்சரும் இல்லை, ஆளுங்கட்சியும் இல்லை. வேலை என்றால் அதுதான் வேலை. கைவிடப்பட்ட வயதானவர்கள் பிள்ளைகள் மேல் மனுப் போடலாம் என்ற நிலை ஒரு தனி உறுப்பினரின் உழைப்பால் வந்தது. ஜெயரத்தினம் கணக்கில் அப்படி ஒன்று இருக்கிறதா?

சட்டப்புள்ளி:

சிராங்கூன் நண்பருக்கு. வால்டர் வூன் செய்தது பெரிய காரியம், அதைக் குறைக்க மாட்டேன். ஆனால் பெற்றோரைக் கவனித்துக்கொள்ளச் சொல்லும் சட்டம் ஆளுங்கட்சிக்குப் பிடித்தமான விஷயம். அவர்கள் கொறடாவைத் தளர்த்தி வழிவிட்டதால்தான் நிறைவேறியது. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நீக்கு என்று ஒரு தனி மசோதா வந்திருந்தால் அது எந்த வாசலில் நின்றிருக்கும்? இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நடைமுறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. அவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தால் அதை வழிமொழிய இன்னொரு உறுப்பினர் வேண்டும். 1981 முதல் 1984 வரை ஜெயரத்தினத்தின் பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஒருவரும் இல்லை. 1984 தேர்தலில் பொத்தோங் பாசிரில் சியாம் சீ தோங் ஜெயித்து வந்த பிறகுதான் 79 பேரில் இரண்டு பேர் ஆனார்கள். ஆக முதல் மூன்று வருஷம் அவர் கையில் இருந்தது வாய்மொழிக் கேள்வி, துணைக்கேள்வி, வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீடு வரும்போது பேசும் சில நிமிடம், மசோதாவின் இரண்டாம் வாசிப்பு. இவ்வளவுதான் கருவி. அதை வைத்துக்கொண்டு நீதித்துறை, காவல்துறை, தடுப்புக்காவல், வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், மத்திய சேம நிதி என்று எல்லா அமைச்சரையும் ஒரே ஆள் எதிர்கொண்டார். 74 பேர் கொண்ட கட்சி ஒரு துறைக்கு நான்கு பேரைத் தயார்செய்து அனுப்பலாம், இவர் எல்லாவற்றையும் தானே படித்துவிட்டு வர வேண்டும். சில இடத்தில் தேதி தெரியாமல் தடுமாறினார் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீதிபதி விஷயத்தில், ஆணையத்தின் முடிவு நீங்கள் சொன்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அங்கே முடியவில்லை. அதே 1986 இல் நாடாளுமன்றச் சிறப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். உறுப்பினருக்கு விதிக்கக்கூடிய அபராதம் 50,000 வெள்ளி வரை போனது, அவையில் பேசியதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பையே ஓர் உறுப்பினரிடமிருந்து எடுத்துவிடும் அதிகாரமும் அவைக்கு வந்தது. இரண்டே இரண்டு எதிர்க்கட்சிக்காரர்கள் இருந்த அவை அது. யாரை மனத்தில் வைத்து அந்தத் திருத்தம் வந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வடமராட்சியான்:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அவர் 1926 இல் பிறந்தது எங்கட ஊர்ப்பக்கம்தான், தாய் தகப்பன் மலாயாவில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த நேரம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வளர்ந்தது ஜொகூரில். எனக்கு ஒரு சந்தேகம். எங்கட நாட்டில் எதிர்க்கட்சித் தமிழர் நாடாளுமன்றத்தில் பேசினால் அது பெரும்பாலும் தமிழர் உரிமை பற்றித்தான் இருக்கும். இவர் தமிழருக்காகப் பேசியிருக்கிறாரா? இல்லாவிட்டால் பெயரில் மட்டும்தான் தமிழரா?

துறைமுகத்தார் மகன்:

வடமராட்சி அண்ணன், நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆன்சன் தமிழர் தொகுதி இல்லை. துறைமுகத்தை ஒட்டிய பகுதி, வாக்காளர்களில் பெரும்பான்மை சீனர்கள். அவர்கள்தான் சீன வேட்பாளரை விட்டுவிட்டு இந்த யாழ்ப்பாண வக்கீலுக்குப் போட்டார்கள். தேவன் நாயர் அதிபராகப் போனதால் அந்த இடம் காலியானது. அந்தச் சமயத்தில் பிளேர் பிளேன் அடுக்குமாடி வீடுகளில் இருந்த துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களைக் காலிசெய்யச் சொல்லியிருந்தார்கள், கொள்கலன் முனையத்துக்கு இடம் வேண்டுமாம். மாற்று வீடு பற்றிச் சரியான பதில் இல்லை. என் அப்பாவும் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்தான், நாங்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை, ஆனால் அவருடைய கூட்டாளிகள் அங்கே இருந்தார்கள். வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சுதான். அவர்களில் சீனர், மலாய்க்காரர், தமிழர், மலையாளி எல்லாரும் உண்டு. வீடு போகிறது என்றால் எல்லாருக்கும்தானே போகிறது. ஆகவே அவர் தமிழருக்குப் பேசினாரா என்று கேட்டால், அவர் பேசியது அந்த மாதிரி ஆட்களுக்கு. ஆங்கிலத்தில்தான் பேசினார். நம் நாடாளுமன்றத்தில் தமிழிலும் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு இருக்கிறது, ஆனால் அவருடைய ஆயுதம் ஆங்கிலம், அதுவும் நீதிமன்ற ஆங்கிலம்.

1985 இல் நாடாளுமன்ற நடப்பைத் தொலைக்காட்சியில் காட்ட ஆரம்பித்தார்கள். அப்போது நான் பள்ளி மாணவன். ஒரு பக்கம் பிரதமர் லீ குவான் இயூ, எதிரே கன்னத்தில் அடர்ந்த கிருதாவும் அடிவயிற்றிலிருந்து வரும் குரலுமாக இவர். லீ ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆமா இல்லையா, ஆமா இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்பார். இவர் நேரடியாகப் பதில் சொல்லாமல் நான் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள் என்று நிற்பார். என் அப்பா ஆளுங்கட்சிக்கு வாக்குப் போட்டவர், அதை மறைத்ததில்லை. ஆனாலும் அந்த நிகழ்ச்சி ஓடும்போது பேச விட மாட்டார். பிரதமரிடம் ஒருவர் முகத்துக்கு நேரே நின்று அப்படிக் கேட்கலாம் என்பதே அவருக்குப் புதுசு. எங்கள் தலைமுறைக்கு அது பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம்.

ஜொகூர்க்காரன்:

பாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மலேசியாவில் எதிர்க்கட்சிக்காரர்கள் லிம் கிட் சியாங், கர்பால் சிங் ரெண்டு பேரையும் பார்த்து வளர்ந்தவன் நான். கர்பால் ஜெலுத்தோங் உறுப்பினராக 1978 இலிருந்து 1999 வரை இருந்தார், அவையில் அவரை இடைநீக்கம் செய்வதும் அவர் திரும்பி வருவதும் வழக்கமான கதை. ஆனால் அவர்களுக்குப் பின்னால் எப்பவும் ஒரு வரிசை ஆட்கள் இருந்தார்கள். மேசையைத் தட்ட, கூட எழுந்து கத்த, வெளிநடப்புச் செய்ய ஆள் வேண்டும் இல்லையா. தனி ஒருவர் வெளிநடப்புச் செய்தால் அதைக் கவனிக்கக்கூட ஆள் இருக்காது. ஜெயரத்தினம் உட்கார்ந்தே இருக்க வேண்டும், பேசியே ஆக வேண்டும். அந்த விதத்தில் இவருடைய வேலை கர்பாலுடையதை விடக் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

பழைய நூலகம்:

அருமையான பதில்கள். சட்டப்புள்ளி தொட்ட இடத்திலிருந்து இன்னொரு விஷயம்.

1984 இல் தொகுதியில்லா உறுப்பினர் திட்டத்தைக் கொண்டுவந்தபோது லீ குவான் இயூ அவையில் சொன்ன காரணங்களைப் படியுங்கள். இளைய அமைச்சர்களும் உறுப்பினர்களும் எதிர்ப்பைச் சந்தித்ததே இல்லை, அவர்களுடைய வாதத் திறன் கூர்மையாக வேண்டும் என்றார். இளைய வாக்காளர்களுக்கு எதிர்க்கட்சியால் என்ன முடியும், என்ன முடியாது என்று தெரிய வேண்டும் என்றார். முறைகேட்டை மூடி மறைக்கிறோம் என்ற சந்தேகத்தைப் போக்க ஆளுங்கட்சி சாராத ஒரு குரல் வேண்டும் என்றும் சொன்னார். மூன்று வருஷம் ஒரே ஒரு ஆள் எழுந்து கேள்வி கேட்டதைப் பார்த்த பிறகு வந்த பேச்சு இது. எல்லா இடமும் தங்களுக்கே என்று 1980 வரை நிம்மதியாக இருந்தவர்கள், தோற்றுப்போன எதிர்க்கட்சிக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைக்க அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அவர் ஒரு சட்டத்தையும் மாற்றவில்லை என்று சொல்பவர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

சிராங்கூன் சாலை:

அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினால் அவருக்குத்தான் சங்கடம், நண்பரே. 1984 இல் அந்த மசோதாவைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். அந்த வருஷம் அவருடைய கட்சிக்காரருக்கே முதலில் அந்த இடம் கொடுக்க முன்வந்தார்கள், கட்சி வேண்டாம் என்றது. சரி, கொள்கை என்று வைத்துக்கொள்வோம். 1997 இல் என்ன நடந்தது? பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் செங் சான் குழுத்தொகுதியில் 45 விழுக்காடு வாங்கித் தோற்ற பிறகு அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அரசியல் சட்டத் திருத்தத்திலும் நிதி மசோதாவிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அந்தக் காலத்தில் வாக்களிக்க முடியாத நாற்காலி. அப்போ 1984 இல் சொன்னது என்ன ஆச்சு?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே பாட்டாளிக் கட்சியின் லோ தியா கியாங் 1991 இல் ஹவ்காங்கில் ஜெயித்தார், அதிகம் பேசாதவர், பேசினால் அளந்து பேசுவார். கட்சியை அவர் கையில் எடுத்த பிறகுதான் 2011 இல் அல்ஜூனிட் குழுத்தொகுதி கிடைத்தது, 2020 இல் அந்தக் கட்சியின் பிரித்தம் சிங் அதிகாரபூர்வ எதிர்க்கட்சித் தலைவர் ஆனார், அதற்கென்று அலுவலகமும் படித்தொகையும் வந்தது. ஜெயரத்தினம் பேசினார், லோ கட்டினார். எது நாட்டுக்கு அதிகம் பயன்பட்டது என்று நினைக்கிறீர்கள்?

சட்டப்புள்ளி:

நாற்காலி விஷயத்துக்கு என் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இழையில் எனக்கு முக்கியமாகப் படுவதே இதுதான்.

ஜெயரத்தினம் மேல் வந்த பெரிய அவதூறு வழக்குகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 1976 தேர்தல் கூட்டத்தில் பேசியது. 1988 தேர்தல் கூட்டத்தில் பேசியது. 1995 இல் கட்சிப் பத்திரிகையில் வந்த கட்டுரை. 1997 ஜனவரி முதல் நாள் செங் சான் கூட்டத்தில் சொன்ன ஒரே ஒரு வாக்கியம். எல்லாமே அவைக்கு வெளியே. உள்ளே பேசியதற்குச் சிறப்புரிமைக் குழு கூப்பிடும், அபராதம் போடும், ஆனால் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. ஆக நாற்காலி இருந்தால் கேள்வி கேட்கலாம், இல்லாவிட்டால் அதே கேள்விக்கு வீட்டை விற்க வேண்டும்.

1988 வழக்கு இதற்கு நல்ல உதாரணம். தேசிய வளர்ச்சி அமைச்சர் தே சியாங் வான் ஊழல் விசாரணையில் இருந்தபோது 1986 டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டார். பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். எந்த நாட்டிலும் எதிர்க்கட்சி உறுப்பினர் அடுத்த நாளே எழுந்து விவரம் கேட்க வேண்டிய விஷயம். ஜெயரத்தினம் அதற்கு முந்தின மாதம்தான், 1986 நவம்பரில், கட்சிக் கணக்கு வழக்கில் மேல்முறையீடு தோற்று 5,000 வெள்ளி அபராதமும் ஒரு மாதச் சிறையும் வாங்கி இடத்தை இழந்திருந்தார். 2,000 வெள்ளியோ அதற்கு மேலோ அபராதம் விழுந்தால் பதவி போய்விடும் என்பது அப்போதைய சட்டம். ஆகவே அவை கூடியபோது கேட்க அவர் அங்கே இல்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தக் கேள்வியைத் தேர்தல் கூட்டத்தில் மைக்கில் கேட்டார். லீ குவான் இயூ வழக்குப் போட்டார், 260,000 வெள்ளி இழப்பீடு என்று தீர்ப்பானது. அவைக்குள் இருந்திருந்தால் துணைக்கேள்வியோடு முடிந்திருக்கும்.

இந்த அனுபவம் உள்ளவர் 1997 இல் அந்த அரை நாற்காலியையாவது வாங்காமல் விட்டிருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. 1984 இல் அவரிடம் மக்கள் கொடுத்த முழு இடம் இருந்தது, அதனால் எதிர்த்தார். 1997 இல் வேறு கதவு இல்லை. முரண்பாடு என்று சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாலு வருஷம் அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1999 நவம்பரில் சட்டத்தின் ஆட்சி பற்றி ஒரு தனித் தீர்மானமே கொண்டுவந்தார். அமைச்சர்களும் அதிகாரிகளும் அதற்கு முழுக்கக் கட்டுப்பட வேண்டும் என்று அரசாங்கத்தை அவை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஆளுங்கட்சி வார்த்தையை மாற்றித்தான் ஏற்றுக்கொண்டது. ஆனால் மணிக்கணக்காக விவாதித்தார்கள், அமைச்சர்கள் எழுந்து ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்கள், அத்தனையும் குறிப்பில் இருக்கிறது.

துறைமுகத்தார் மகன்:

ஆன்சன் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அவர் இடம் போன பிறகு அங்கே இடைத்தேர்தலே வைக்கவில்லை. 1988 தேர்தலில் பார்த்தால் ஆன்சன் என்ற தொகுதியே வரைபடத்தில் இல்லை, பக்கத்துத் தொகுதிகளில் கரைத்துவிட்டார்கள். அவருக்கு வாக்களித்த ஆயிரக்கணக்கான பேர் ஏறக்குறைய இரண்டு வருஷம் உறுப்பினர் இல்லாமல் இருந்தார்கள். அவர்களுக்காக அவையில் கேட்கவும் ஆள் இல்லை.

இடம் காலியானால் இடைத்தேர்தல் வைத்தாக வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் வரக் கால் நூற்றாண்டு ஆனது. 2012 இல் ஹவ்காங் இடம் காலியானபோது துப்புரவு வேலை பார்த்த ஒரு தமிழ் அம்மா, பிரதமர் நினைத்தபோதுதான் இடைத்தேர்தல் வைப்பாரா என்று வழக்குப் போட்டார். 2013 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரதமருக்கு அப்படிக் கட்டற்ற விருப்பம் கிடையாது, நியாயமான காலத்துக்குள் வைத்தாக வேண்டும் என்று சொன்னது. ஆன்சன்காரர்களுக்கு அது கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

வடமராட்சியான்:

விளங்கப்படுத்தினதுக்கு நன்றி. இன்னொன்று. அவர் திவாலானது தமிழ்க் கட்டுரை ஒன்றால் என்று எங்கேயோ வாசித்தேன். அது உண்மையா?

சட்டப்புள்ளி:

உண்மை. 1995 இல் பாட்டாளிக் கட்சிப் பத்திரிகையின் தமிழ்ப் பகுதியில், தமிழ் மொழி வாரம் நடத்தியவர்களைத் தாக்கி ஒரு கட்டுரை வந்தது. ஏற்பாட்டுக் குழுவினர் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். ஆசிரியர் என்ற முறையில் பொறுப்பு ஜெயரத்தினத்தின் தலையில் விழுந்தது. தவணை தவணையாகக் கட்டி வந்தார், ஒரு தவணை தாமதமானது, 2001 இல் திவாலாக அறிவித்தார்கள். திவாலானவர் நாடாளுமன்றத்தில் இருக்க முடியாது, ஆகவே இடமும் போயிற்று. 1986 இல் கட்சிக் கணக்கு, 2001 இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை. இரண்டு முறையும் அவரை அவையிலிருந்து வெளியே எடுத்தது வாக்காளர்கள் இல்லை.

முதல் வழக்கு பற்றியும் சொல்ல வேண்டும். அந்தத் தண்டனையால் வழக்கறிஞர் பதிவும் போயிருந்தது. அதை எதிர்த்து, அப்போது சிங்கப்பூருக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1988 இல் அவர்கள் அவருக்குக் கடும் அநீதி நடந்திருக்கிறது, செய்யாத குற்றத்துக்கு அபராதமும் சிறையும் அவமானமும் பட்டிருக்கிறார் என்று எழுதிப் பதிவைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் குற்றத் தீர்ப்பு அந்த மேல்முறையீட்டில் இல்லை, ஆகவே அது அப்படியே நின்றது. அதிபரிடம் மன்னிப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. ஐந்து வருஷத் தடை 1991 நவம்பரில் முடிய வேண்டும், பொதுத்தேர்தலை 1991 ஆகஸ்டிலேயே வைத்துவிட்டார்கள்.

ஜொகூர்க்காரன்:

நான் சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் அவரைப் பார்த்திருக்கிறேன். எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில், கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் புத்தகங்களோடு நிற்பார். அவையில் பேசியதைத் தொகுத்து அவரே அச்சடித்தது. ஆபீஸ் விட்டுப் போகிற கூட்டம் ஒதுங்கி நடக்கும், சிலர் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். நான் போய் வாங்கினேன். காசு கொடுத்தவுடன் போகவிடவில்லை, எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார், புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டி இதை முதலில் படி, இதற்கு அமைச்சர் சொன்ன பதிலையும் படி என்றார். அமைச்சர் பதிலையும் படிக்கச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தன் பேச்சை விற்க வந்தவர் எதிராளியின் பதிலையும் படி என்று சொல்ல மாட்டார்.

சிராங்கூன் சாலை:

சரி, தே சியாங் வான் விஷயமும் நாற்காலியின் பாதுகாப்பும் நான் இந்தக் கோணத்தில் பார்க்காதவை. அதற்கு நன்றி. ஆனால் ஒன்றில் மாற மாட்டேன். அவர் பேச்சில் ஆட்களைச் சேர்க்கும் குணம் இல்லை. சியாம் சீ தோங் மென்மையாகப் பேசியே 1984 இலிருந்து 2011 வரை தொகுதியைக் காப்பாற்றினார், தன் வாக்காளருக்கு நடைமேம்பாலமும் மின்தூக்கியும் கேட்டு நின்றார். ஜெயரத்தினம் 2001 இல் தன் கட்சியையே மனக்கசப்போடு விட்டார். அவர் இறந்தபோது பிரதமர் லீ சியன் லூங் குடும்பத்துக்கு எழுதிய இரங்கல் கடிதத்திலும், ஆக்ககரமான எதிர்க்கட்சி உருவாக அவர் உதவவில்லை என்ற பொருளில்தான் எழுதினார். ஆனால் விடாப்பிடியை மதிக்க வேண்டும் என்றும் எழுதினார்.

பழைய நூலகம்:

அந்தக் கடிதம் தெரியும். ஆக்ககரம் என்பதை யார் முடிவு செய்வது என்பதுதான் எனக்கு இடிக்கிறது. பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை என்று 1984 இல் ஒரு திட்டம் வந்தது, படிக்காத ஏழைத் தாய்மார்களுக்குக் கருத்தடை செய்துகொண்டால் பணம் என்றார்கள். அதை எதிர்த்துப் பேசுவது ஆக்ககரமா, அழிவுகரமா? அந்தப் பள்ளி முன்னுரிமையை அடுத்த வருஷமே அரசாங்கம் கைவிட்டது. அவர் ஒருவரால் என்று சொல்ல மாட்டேன், மக்களே கோபமாக இருந்தார்கள், 1984 தேர்தலில் ஆளுங்கட்சி வாக்கு பன்னிரண்டு விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் இறங்கியது. ஆனால் மக்கள் வீட்டுக்குள் பேசிய கோபத்தை அவையில் எழுந்து சொல்ல ஓர் எதிர்க்கட்சிக்காரர் இருந்தார்.

சியா தை போவையும் மறக்கக் கூடாது. 1966 இல் விசாரணையில்லாமல் பிடித்த பாரிசான் உறுப்பினர், 1989 வரை காவலில், அதற்கப்புறமும் கட்டுப்பாட்டில் 1998 வரை. அப்படி ஒரு மனிதர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அவையில் கேட்க ஆள் வேண்டும். சியாம் நல்லவர், அவர் கேட்ட மின்தூக்கியும் மக்களுக்குத் தேவைதான். ஆனால் தடுப்புக்காவலில் இருப்பவருக்கு எந்தத் தொகுதியிலும் வாக்கு இல்லை, அவருக்காகப் பேசுவதால் ஒரு மேம்பாலமும் வராது. அதைப் பேசியவரை நான் குறைத்து மதிப்பிடத் தயாராக இல்லை.

துறைமுகத்தார் மகன்:

என் மகள் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறாள், இந்த இழையைக் காட்டினேன். அவைக் குறிப்பில் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்கிறாள். யாராவது சொல்லுங்கள்.

பழைய நூலகம்:

முதலில் 1984 இல் தொகுதியில்லா உறுப்பினர் மசோதா விவாதம், லீயின் பேச்சையும் ஜெயரத்தினத்தின் பதிலையும் சேர்த்து. அப்புறம் 1986 மார்ச்சில் நீதித்துறை பற்றி நடந்தது, அது நீளம், இரண்டு மூன்று நாளாகப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள், குறுக்கீடு அதிகம் என்பதால் யார் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். கடைசியாக 1999 நவம்பர் 24 தீர்மானம். தேடும்போது ஆங்கிலத்தில் அவருடைய குடும்பப் பெயரை மட்டும் போட்டால் மகன் பிலிப் பற்றி வருவதும் கலந்துவிடும், தேதி வரம்பு கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேட்கட்டும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.